டிராயரில் கிடக்கும் கருவிகளைப் போனுக்கு மாற்றுவது எப்படி?

டார்ச், கால்குலேட்டர், அலாரம் கடிகாரம், சின்ன டிஜிட்டல் கேமரா, வாய்ஸ் ரெக்கார்டர், ஸ்கேனர், எம்பி3 பிளேயர், பூதக்கண்ணாடி. இவை எல்லாம் செய்கிற வேலையை உங்கள் போனும் செய்யும் என்பது யாருக்கும் புதுச் செய்தி இல்லை. 1994-ல் விற்பனைக்கு வந்த ஐபிஎம் சைமன் என்ற போனிலேயே காலண்டர், முகவரிப் புத்தகம், கால்குலேட்டர், ஃபேக்ஸ், மின்னஞ்சல் எல்லாம் இருந்தன. தனிக் கருவிகளின் சந்தையும் கரைந்து வெகுநாளாகிறது. ஜப்பானில் உள்ள கேமரா தயாரிப்பாளர் சங்கத்தின் கணக்குப்படி, 2010-ல் உலகச் சந்தைக்குப் போன டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கும் மேல். 2023-ல் அது 80 லட்சத்தைக்கூட எட்டவில்லை.

ஆனாலும் பல வீடுகளில் டிராயர் நிறைந்தேதான் கிடக்கிறது. போனில் ஒரு வசதி இருப்பது வேறு, அவசரத்தில் கை தானாக அதைத் தேடிப் போவது வேறு. டார்ச் ஐகான் மூன்றாவது திரையில் ஒளிந்திருந்தால் இருட்டில் நீங்கள் டிராயரைத்தான் திறப்பீர்கள். அதனால் ஒரு நாளில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். ஒவ்வொரு கருவியாக எடுத்து, அதன் வேலையைப் போனில் சரியாக அமைத்து, பழகிய பிறகு அடுத்ததற்குப் போங்கள். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் பொருந்தும்படி எழுதியிருக்கிறேன். மெனுவின் பெயர்கள் மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறலாம்.

முதல் படி: போன் தொலைந்தால் என்ன ஆகும்?

பெரும்பாலானோர் இதைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். முதலில் செய்ய வேண்டியதே இதுதான். பத்து கருவிகள் தனித்தனியாக இருந்தால் ஒன்று தொலைந்தாலும் ஒன்பது மிஞ்சும். எல்லாம் ஒன்றிலேயே இருந்தால், ஆட்டோவில் மறந்து வைத்த ஒரு பொருளோடு கேமரா, குறிப்புகள், வரைபடம், வங்கி, அலாரம் அத்தனையும் போய்விடும்.

திரைப் பூட்டிலிருந்து தொடங்குங்கள். நான்கு இலக்க எண் போதாது, ஆறு இலக்கமாவது வையுங்கள். பிறந்த தேதி வேண்டாம். விரல்ரேகை, முகப்பூட்டு எல்லாம் வசதிக்குத்தான். அவற்றுக்கு அடியில் இருக்கும் எண்தான் உண்மையான சாவி.

அடுத்தது, தொலைந்த போனைத் தேடும் வசதி. ஆண்ட்ராய்டில் கூகுள் கணக்கோடும், ஐபோனில் ஆப்பிள் கணக்கோடும் இது இணைந்திருக்கிறது. செட்டிங்ஸில் இயக்கியதோடு நிறுத்திவிடாதீர்கள். வேறொரு கணினியிலோ வீட்டில் இன்னொருவரின் போனிலோ உங்கள் கணக்கில் நுழைந்து, உங்கள் போனை ஒருமுறை ஒலிக்க வைத்துப் பாருங்கள். தொலைந்த அன்று கடவுச்சொல் நினைவுக்கு வராமல் தவிப்பதைவிட இன்றே தெரிந்துகொள்வது நல்லது.

டயல் பேடில் *#06# என்று அழுத்தினால் உங்கள் போனுக்கே உரிய அடையாள எண்ணான 15 இலக்க ஐஎம்இஐ எண் திரையில் வரும். இரண்டு சிம் போடும் போனில் இரண்டு எண்கள் வரும். அவற்றைத் தாளில் எழுதி வையுங்கள். புகார் கொடுக்கவும் போனை முடக்கச் சொல்லவும் இந்த எண்ணைத்தான் கேட்பார்கள்.

சிம் கார்டுக்கும் பின் எண் போடலாம். திருடியவர் உங்கள் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டு ஓடிபி வாங்குவதை இது தடுக்கும். ஒரு எச்சரிக்கை: சிம்மில் ஏற்கெனவே ஓர் ஆரம்ப எண் இருக்கும். அது தெரியாவிட்டால் ஊகித்து அடித்துப் பார்க்காதீர்கள். மூன்று தவறான முயற்சிக்குப் பிறகு சிம் பூட்டிக்கொண்டு, பியுகே என்ற எட்டு இலக்க எண்ணைக் கேட்கும். அதையும் பத்து முறை தவறாக அடித்தால் சிம் வீண்தான். முதலில் சிம் வந்த அட்டையைப் பாருங்கள், இல்லையென்றால் சேவை நிறுவனத்திடம் கேளுங்கள்.

கடைசியாக பேக்கப். படங்களும் தொடர்பு எண்களும் தானாகவே கணக்கில் ஏறுகின்றனவா என்று பாருங்கள். முக்கியமானவற்றை ஒரு கணினியிலோ வெளி ஹார்டு டிஸ்க்கிலோ இன்னொரு நகலாக வையுங்கள். இரண்டடுக்குப் பாதுகாப்பு (கடவுச்சொல்லோடு ஒரு குறியீட்டையும் கேட்பது) போட்டிருக்கும் கணக்குகள் பலவும் அவசரக் குறியீடுகளைத் தரும். அவற்றை அச்சிட்டோ கையால் எழுதியோ வீட்டில் வைத்திருங்கள். போன் தொலைந்துவிட்டால், அதைத் தேடும் கணக்கில் நுழைவதற்கே அந்தப் போனுக்கு வரும் குறியீடு தேவைப்படலாம். அங்கே மாட்டிக்கொள்கிறவர்கள் நிறைய.

இவ்வளவையும் முடித்துவிட்டால் மீதி எல்லாம் சுலபம்.

இரண்டாம் படி: சில்லறைக் கருவிகள்

டார்ச், கால்குலேட்டர், டைமர், பூதக்கண்ணாடி. இவற்றுக்கு எந்த ஆப்பும் இறக்க வேண்டாம், போனிலேயே இருக்கின்றன. டார்ச்சுக்குத் தனி ஆப் இறக்குவதில் ஆபத்தும் உண்டு. கோடிக்கணக்கானோர் இறக்கிய ஒரு டார்ச் ஆப், பயனர்களின் இருப்பிடத்தைச் சொல்லாமல் விளம்பர நிறுவனங்களுக்குக் கொடுத்ததாக அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2013-ல் நடவடிக்கை எடுத்தது. விளக்கை எரிய வைக்கும் ஆப்புக்கு நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று எதற்குத் தெரிய வேண்டும்? எந்த ஆப் அனுமதி கேட்டாலும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

வேலை ஒன்றுதான்: இவற்றைக் கைக்கெட்டும் இடத்தில் வைப்பது. ஆண்ட்ராய்டில் திரையின் மேலிருந்து இரண்டு முறை கீழே இழுத்தால் கட்டங்கள் விரியும். பென்சில் படத்தைத் தொட்டால் எந்தக் கட்டம் முதலில் வர வேண்டும் என்று இழுத்து வைக்கலாம். டார்ச்சை முதல் வரிசைக்குக் கொண்டுவாருங்கள். ஐபோனில் கன்ட்ரோல் சென்டரில் இதே வேலையைச் செய்யலாம். டார்ச், கால்குலேட்டர், டைமர், மேக்னிஃபையர் நான்கையும் அங்கே போடுங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் பவர் பட்டனை இருமுறை அழுத்தினால் கேமரா திறக்கும். திறக்காவிட்டால் செட்டிங்ஸில் தேடி இயக்குங்கள். கண்ணை மூடிக்கொண்டு டார்ச்சைப் போட முடிகிறதா என்று சோதித்துப் பாருங்கள். முடிந்தால் அந்தக் கருவி மாறிவிட்டது என்று அர்த்தம்.

பூதக்கண்ணாடி பலரும் கண்டுகொள்ளாத வசதி. மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி, சார்ஜரின் பின்புறம் பொடி எழுத்தில் இருக்கும் வோல்ட் கணக்கு, உயரத்தில் மாட்டியிருக்கும் மோடத்தின் அடியில் உள்ள பாஸ்வேர்டு, எதையும் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கை நடுங்கினாலும் பரவாயில்லை, படம் அசையாது. கண்ணாடி லென்ஸால் இது ஆகாது.

அலாரத்தில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். சைலன்டில் போட்டாலும் ஐபோனில் அலாரம் ஒலிக்கும். ஆண்ட்ராய்டில் அலாரத்துக்கென்று தனி ஒலி அளவு உண்டு. அது குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான போன்களில் பேட்டரி தீர்ந்து அணைந்துவிட்டால் அலாரம் வராது. விடிகாலை ரயிலோ தேர்வோ இருந்தால் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குங்கள். இல்லையா, பழைய அலாரம் கடிகாரமே இருக்கட்டும். தலைமாட்டில் போன் இருந்தால் தூக்கம் கெடுகிறது என்பவர்கள் அந்தக் கடிகாரத்தை மாற்றவே வேண்டாம் என்பது என் கட்சி.

மூன்றாம் படி: ஸ்கேனர்

இடத்தை அடைத்துக்கொண்டு வருடத்துக்குச் சில முறை மட்டும் வேலை செய்யும் கருவி என்றால் அது ஸ்கேனர்தான். போனுக்கு மாற்றினால் அதிக லாபம் இதில்தான்.

சும்மா படம் எடுப்பது ஸ்கேன் ஆகாது. ஸ்கேன் வசதி தாளின் நான்கு ஓரங்களையும் கண்டுபிடித்து, சாய்வை நிமிர்த்தி, நிழலைக் குறைத்து, பல பக்கங்களை ஒரே பிடிஎஃப்-ஆகக் கோத்துத் தரும். ஆண்ட்ராய்டில் கூகுள் டிரைவ் ஆப்பில் கேமரா படத்தைத் தொட்டால் வரும். ஐபோனில் நோட்ஸ் ஆப்பில், ஒரு குறிப்பைத் திறந்து இணைப்புக் குறியைத் தொட்டால் ஸ்கேன் செய்யும் வசதி இருக்கும். பெயர் தெரியாத ஸ்கேனர் ஆப்களில் உங்கள் அடையாள அட்டையை ஏற்றாதீர்கள்.

வெள்ளைத் தாளை வெள்ளை மேசையில் வைத்தால் போனுக்கு ஓரம் தெரியாது, தடுமாறும். அடர்நிறப் போர்வை, மரப்பலகை, கறுப்பு கோப்பு அட்டை ஏதாவது ஒன்றின் மேல் வையுங்கள். ஜன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும். தலைக்கு மேலே விளக்கு இருந்தால் உங்கள் தலை நிழலும் கை நிழலும் தாளில் விழும். நின்றுகொண்டு, போனைத் தாளுக்கு நேர் மேலே இணையாகப் பிடியுங்கள். லேமினேட் செய்த அட்டை என்றால் ஃப்ளாஷை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நடுவில் வெள்ளைப் பொட்டு விழுந்து எழுத்தே மறைந்துவிடும்.

எடுத்தபின் ஃபில்டர் கேட்கும். வெறும் எழுத்து என்றால் கறுப்பு வெள்ளை போதும், கோப்பின் அளவும் சிறிதாகும். முத்திரை, நீல மையில் கையெழுத்து இருந்தால் கலரிலேயே விடுங்கள். கறுப்பு வெள்ளையில் வெளிறிய முத்திரை காணாமலே போய்விடும், பெறுகிற அலுவலகம் திருப்பி அனுப்பும்.

கோப்புக்கு உடனே பெயர் வையுங்கள். ஆண்டை முதலில் போட்டு, 2025-03-14 மின்கட்டணம் என்பது போல எழுதினால் கோப்புகள் தானாகவே தேதி வரிசையில் நிற்கும். அனுப்பும்போது வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கி மங்கும். டாக்குமென்ட் என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள்.

அச்சிட்ட தாளில் உள்ள எழுத்துகளை எடுத்து ஒட்டவும் வழி இருக்கிறது. கூகுள் லென்ஸில் படத்தைத் திறந்து எழுத்தை விரலால் தேர்ந்தெடுத்து நகலெடுக்கலாம். தமிழ் அச்செழுத்தையும் அது படிக்கிறது. கையெழுத்துதான் அதற்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை.

நான்காம் படி: வரைபடமும் திசைகாட்டியும்

இன்டர்நெட் இல்லாவிட்டால் ஜிபிஎஸ்ஸும் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டு சிக்னல் அனுப்புகின்றன. போன் அதைக் கேட்கிறது, அவ்வளவுதான். எதையும் திருப்பி அனுப்புவதில்லை. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னல் கிடைத்தால், போன் தன் இடத்தைக் கணக்குப் போட்டுவிடும். நெட் தேவைப்படுவது வரைபடத்தை இறக்கத்தான். முதல்முறை இடம் பிடிக்க நெட் இருந்தால் சீக்கிரம் பிடிக்கும், இல்லையென்றால் திறந்த வெளியில் சற்று நேரம் காத்திருக்க வேண்டும்.

ஆகவே கிளம்பும் முன்பே வரைபடத்தை இறக்கிக்கொள்ளுங்கள். கூகுள் மேப்ஸில் உங்கள் படத்தைத் தொட்டு, ஆஃப்லைன் வரைபடங்கள் என்பதற்குப் போய், வேண்டிய பகுதியைக் கட்டத்துக்குள் கொண்டுவந்து இறக்குங்கள். நெட் இல்லாதபோது அதில் வண்டியில் போகும் வழி மட்டுமே கிடைக்கும். நடந்து போகும் வழி, பேருந்து, நெரிசல் நிலவரம் எதுவும் வராது. நடைக்கு ஆர்கானிக் மேப்ஸ் போன்ற, முழுக்க ஆஃப்லைனில் இயங்கும் ஆப் பொருத்தம். இறக்கிய வரைபடம் காலாவதியாகும் என்பதால் பயணத்துக்கு முந்தின இரவு புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

திசைகாட்டி தப்பாகக் காட்டினால் முதலில் உறையைப் பாருங்கள். காந்த மூடி உள்ள உறைதான் பெரும்பாலும் காரணம். உறையைக் கழற்றிவிட்டு, போனைக் காற்றில் எட்டு போடுவதுபோலச் சில முறை சுழற்றினால் சரியாகும்.

ஐந்தாம் படி: ரெக்கார்டர், ரிமோட், ரேடியோ

வகுப்பையோ கூட்டத்தையோ பதிவு செய்வதற்கு முன் போனை ஃப்ளைட் மோடில் போடுங்கள். நடுவில் அழைப்பு வந்தால் பல போன்களில் பதிவு நின்றுவிடும். மேசையில் நேரடியாக வைத்தால் பேனா விழும் சத்தம்கூட இடி மாதிரி பதிவாகும். மடித்த கைக்குட்டையின் மேல் வையுங்கள். முக்கிய மைக் பெரும்பாலும் அடிப்பக்கத்தில் இருப்பதால் அந்தப் பக்கம் பேசுபவரை நோக்கி இருக்கட்டும். சில விநாடி பதிவு செய்து கேட்டுவிட்டு அப்புறம் தொடங்குங்கள். பதிவு செய்கிறோம் என்று எதிரில் இருப்பவரிடம் சொல்லிவிடுங்கள்.

டிவி ரிமோட்டாகப் பயன்படுத்த இரண்டு வழிகள். போனின் மேல் விளிம்பில் அகச்சிவப்பு விளக்கு இருந்தால் பழைய டிவி, ஏசி எல்லாவற்றையும் இயக்கலாம். சில ஆண்ட்ராய்டு மாடல்களில் இது உண்டு, ஐபோனில் இல்லை. ஸ்மார்ட் டிவி என்றால் ஒரே வைஃபையில் இணைத்து, அதற்கான ஆப்பில் இயக்கலாம். போனை ரிமோட்டாக்காவிட்டாலும், இருக்கும் ரிமோட்டைச் சோதிக்க அது உதவும். செல்ஃபி கேமராவைத் திறந்து, ரிமோட்டின் முனையை அதற்கு நேரே காட்டி ஒரு பட்டனை அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி திரையில் ஊதாப் பொட்டாக மினுக்கும். மினுக்கினால் ரிமோட் ஒளி விடுகிறது, கோளாறு டிவியில். மினுக்காவிட்டால் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். பின் கேமராவில் பெரும்பாலும் இந்த ஒளியை வடிகட்டிவிடுவார்கள், அதனால் முன் கேமராவே சரி.

எஃப்எம் வசதி உள்ள போனில் வயர் இயர்போன் செருகினால்தான் ரேடியோ பாடும். அந்த வயர்தான் ஆன்டெனா. ப்ளூடூத் இயர்போன் இதற்கு உதவாது.

எதை மாற்றக் கூடாது

இரத்த அழுத்தம், எடை, காய்ச்சல் பார்ப்பதாகச் சொல்லும் ஆப்களை ஒதுக்குங்கள். அதற்கான சென்சார் இல்லாத போனில் எந்த ஆப்பும் அதை அளக்க முடியாது, திரையில் ஏதோ ஓர் எண் வரும். உடம்பு சம்பந்தப்பட்டதற்குத் தனிக் கருவிதான்.

கேமரா வழியாக நீளம் அளக்கும் ஆப், சோபா இந்த மூலையில் அடங்குமா என்று பார்க்கப் போதும். மரம் அறுக்கவும் கண்ணாடி வெட்டவும் டேப்தான் வேண்டும். மட்டம் பார்க்கும் வசதி பரவாயில்லை, ஆனால் போனை மல்லாக்கப் படுக்க வைத்தால் பின்னால் துருத்தி நிற்கும் கேமரா மேடே சாய்வைத் தந்துவிடும். போனின் நீள விளிம்பை வைத்துப் பாருங்கள். தூரத்தில் இருக்கும் பறவையையும் மேடையையும் படமெடுப்பவர்கள் கேமராவை விற்றுவிட வேண்டாம். சின்ன சென்சாரும் டிஜிட்டல் ஜூமும் உண்மையான பெரிய லென்ஸின் இடத்துக்கு வராது. மணிக்கணக்கில் புத்தகம் படிப்பவர்களுக்கு, மின்நூல் படிக்கும் கருவிகளில் இருக்கும் காகிதம் போன்ற இ-இங்க் திரை இன்னும் கண்ணுக்கு இதம்தான்.

வீட்டில் ஒரு தனி டார்ச்சும் இருக்கட்டும். மின்சாரம் போன இரவில்தான் போனில் சார்ஜும் ஐந்து சதவீதத்தில் நிற்கும்.

ஆறாம் படி: பேட்டரி

இத்தனை கருவிகளுக்கும் இப்போது ஒரே பேட்டரி. லித்தியம் அயான் பேட்டரிக்கு வெயிலும் சூடும் ஆகாது. ஐபோனை 35 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூழலில் பயன்படுத்த வேண்டாம் என்றே ஆப்பிள் சொல்கிறது. காரின் டேஷ்போர்டில் வெயிலில் விடாதீர்கள், சார்ஜ் ஏறும்போது தலையணைக்கு அடியில் வைக்காதீர்கள். எப்போதும் முழுதாக நிரப்புவதையும் முழுதாகத் தீர விடுவதையும் தவிர்த்தால் ஆயுள் கூடும். 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இன்று பல போன்களில் இருக்கிறது. நாள் முழுக்க வீட்டிலோ அலுவலகத்திலோ இருப்பவர்கள் அதைப் போட்டுக்கொள்ளலாம்.

பவர் பேங்க் வாங்கினால் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். 10,000 எம்ஏஎச் என்று எழுதியிருப்பது உள்ளே இருக்கும் செல்லின் அளவு. மின்னழுத்தம் மாறும்போதும் சூடாகும்போதும் ஒரு பங்கு வீணாகும், அதனால் 5,000 எம்ஏஎச் போனை இரண்டு முறை முழுதாக நிரப்ப அது போதாது. விமானத்தில் பவர் பேங்கைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், 100 வாட் மணி வரை பொதுவாக அனுமதி. 20,000 எம்ஏஎச் என்பது 3.7 வோல்ட் கணக்கில் 74 வாட் மணி. ஆக அது அந்த வரம்புக்குள்தான்.

கவனம் சிதறுவது தனிப் பிரச்சினை. கால்குலேட்டரை எடுக்கும்போது யாரும் உங்களுக்குச் செய்தி அனுப்புவதில்லை, போனை எடுத்தால் அனுப்புகிறார்கள். கணக்குப் பார்க்கத் திறந்தவர் அரை மணி நேரம் கழித்து வீடியோ பார்த்துக்கொண்டிருப்பார். கருவியாகப் பயன்படும் ஆப்களை மட்டும் முதல் திரையில் வைத்து, சமூக ஊடகங்களைக் கடைசித் திரைக்குத் தள்ளுங்கள். பதிவு செய்யும்போதும் படிக்கும்போதும் டூ நாட் டிஸ்டர்பை இயக்குங்கள். அவசரத்துக்கு அழைக்கக்கூடிய வீட்டார் எண்களுக்கு மட்டும் அதில் விலக்குக் கொடுங்கள்.

கடைசிப் படி: பழைய கருவிகளை என்ன செய்வது

உடனே தூக்கிப் போடாதீர்கள். எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு, மூடியில் தேதி எழுதி, பரண் மேல் வையுங்கள். வைக்கும் முன் டார்ச், ரேடியோ, கடிகாரம் எல்லாவற்றிலிருந்தும் பேட்டரியைக் கழற்றுங்கள். ஆல்கலைன் பேட்டரி உள்ளேயே இருந்தால் கசிந்து கம்பியை அரித்துவிடும். இரண்டு மூன்று மாதத்தில் எதைத் தேடிப் பரண் ஏறினீர்களோ அதை மறுபடி டிராயரில் வையுங்கள். உங்கள் வீட்டுக்கு அது தேவைதான். மீதியைக் கொடுத்துவிடலாம்.

கொடுக்கும் முன் கேமராவிலும் ரெக்கார்டரிலும் இருக்கும் மெமரி கார்டை எடுத்துவிடுங்கள். உள் நினைவகத்திலும் படங்கள் இருக்கலாம், திறந்து பாருங்கள். பழைய போன் இருந்தால் கணக்கிலிருந்து வெளியேறிய பிறகே ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள், இல்லையென்றால் வாங்குபவர் அதைத் திறக்கவே முடியாது. பேட்டரி உப்பியிருக்கும் கருவியை அழுத்தவோ குத்தவோ சார்ஜ் போடவோ கூடாது. அதைக் குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு வாங்கும் இடத்தில் தனியாகக் கொடுங்கள். பேட்டரி உப்பியிருக்கிறது என்று அவர்களிடம் வாய்விட்டும் சொல்லிவிடுங்கள்.